ஊசி கொடுத்த பூங்கா

பிப்ரவரி 3, திங்கள்

எங்கள் தெருப் பூங்கா எங்களை உள்ளே விடாமல் இருப்பதற்காகவே நடத்தப்படுகிறது. இரவு எட்டு மணிக்குப் பூட்டுகிறார்கள். பனியன் கம்பெனி எட்டரைக்கு விடுகிறது. இந்த ஏரியாவில் வீட்டுக்கு ஒருவராவது ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிறார் என்பது பூட்டை மாட்டியவனுக்குத் தெரியாமல் இல்லை. காலை எட்டரைக்குள் போய் இரவு எட்டரைக்கு வெளியே வருவதுதான் ஒன்றரை ஷிப்ட். ஒரு ஷிப்ட் ஐந்தரைக்கே முடிந்துவிடும். ஆனால் அப்போது எழுந்து போகிறவளுக்கு மறுநாள் மெஷின் இருக்காது. அதோடு கம்பெனி கேட்டும் பூட்டியிருக்கும். அங்கே வெளியே விடாத பூட்டு, இங்கே உள்ளே விடாத பூட்டு. திருப்பூரில் பூட்டு விற்கிறவன் நன்றாக இருப்பான்.

மூன்று வருஷமாக, வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பூங்கா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் தூங்கவும் சரியாக இருக்கும். காய்ச்சல் வந்து படுத்த நாட்களில் மட்டும் ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிடுவது காதில் விழும்.

இன்று உள்ளே போனேன். ஊசிதான் காரணம். சனிக்கிழமை ஓவர்லாக் மெஷினில் பனியனுக்குத் தோள் சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தபோது ஊசி என் இடது ஆள்காட்டி விரலில் நகத்தோடு இறங்கி உள்ளேயே முறிந்தது. கீறி எடுத்துத் தையல் போட்டார்கள். கம்பெனியில் எங்கள் தையல் லைன் சூப்பர்வைசர் தங்கவேலு, “ஆறுனதும் வா” என்றார். ஆறும்வரை கூலி இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். தன்ஷிகாவுக்கு மூன்றரை வயது. வரமாட்டேன் என்று பரிமளக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அடுத்த வீட்டுப் பரிமளக்காதான் கைக்குழந்தையிலிருந்து அவளைப் பார்த்துக்கொள்கிறார். நான் கிளம்பும்போது தன்ஷி தூங்குவாள். திரும்பும்போதும் தூங்குவாள். பரிமளக்காவை அம்மா என்கிறாள். லைன் வீடுகளில் எல்லோரும் என்னை வைரம் என்று கூப்பிடுவதால் அவளும் வைரம் என்கிறாள்.

பூங்காவில் கொஞ்ச நேரம் இருந்தோம். அவள் அழுதுகொண்டே இருந்தாள். திரும்பி வந்துவிட்டோம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

தண்ணீர் வந்தது. ஒற்றைக் கையால் குடம் தூக்கினேன். பூங்காவுக்குப் போகவில்லை. தன்ஷி கேட்கவும் இல்லை.

பிப்ரவரி 5, புதன்

தன்ஷி என் கட்டுப் போட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது யாரு?”

“விரலு.”

“இல்ல. பொம்ம.”

பேனா எடுத்து வந்தாள். கட்டின் மேல் இரண்டு கண், ஒரு வாய் வரைந்தாள். வாய் கோணல். குப்பு என்று பெயர் வைத்தாள். லைனில் குப்பு என்று யாரும் கிடையாது, எங்கிருந்து பிடித்தாளோ.

“குப்பு வெளிய போணுமாம்” என்றாள்.

குப்புவைப் பிடித்துக்கொண்டு பூங்காவரை நடந்தாள். முழுப் பிடி. தையல் விண்விண்ணென்று வலித்தது. நான் சொல்லவில்லை. என் மகள் என் கையைப் பிடித்து நடந்து நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

பூங்கா பெரியதில்லை. சுற்றி நடக்கக் கல் பதித்த பாதை. நடுவில் புல். ஒரு மூலையில் மணல் கொட்டி இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு, பாதி உடைந்த சீசா. வேப்பமரம் நான்கு. வாசலில் செய்யக்கூடாதவற்றை எழுதிய பலகை. செய்யக்கூடியது எதுவும் அதில் இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து மணி வெயில் வேப்ப இலை வழியாக மணலில் விழும்போது அந்த இடம் நன்றாக இருக்கிறது. கம்பெனிக்குள் எப்போதும் டியூப் லைட்தான். சாயங்காலம் என்று ஒரு பொழுது தினமும் வருவதையே நான் மறந்திருந்தேன்.

சறுக்கின் உச்சியில் நிற்கிற பிள்ளைகள் எல்லாம் “அம்மா, பாரு” என்று கத்துகின்றன. தன்ஷி “வைரம், பாரு” என்றாள். வெள்ளை ஷூ போட்டு நடந்துகொண்டிருந்த ஓர் அம்மா நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

“ஏங்கண்ணு, கொழந்தயப் பாத்துக்கற புள்ளயா நீயி?”

“ஆமாங்க” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். விளக்கம் சொல்லச் சோம்பல். அவ்வளவுதான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

செல்லப்பாண்டியும் வந்தார். என் வீட்டுக்காரர். சாயப்பட்டறை வேலை. அவருடைய நகங்கள் இந்த வாரம் ஊதா. தன்ஷியை ஊஞ்சலில் வைத்துப் பத்துத் தள்ளு தள்ளினார். பிறகு புல்லில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். வாட்ச்மேன் அங்கமுத்து விசில் ஊதிக்கொண்டு வந்தார்.

“புல்லுல படுக்கக் கூடாதுங்க.”

“படுக்கலங்க. விழுந்துட்டாரு” என்றேன்.

அங்கமுத்து அவரைக் குனிந்து பார்த்தார். “பட்டறைங்களா?”

“ஆமாங்க.”

“செரி, காலாட்டிட்டிருக்கச் சொல்லுங்க. தூங்கற மாதிரித் தெரியக் கூடாது.”

தன்ஷி அப்பாவின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இந்த மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது? ஊசிக்குத்தான் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 10, திங்கள்

கட்டு மாற்றப் போனேன். நர்ஸ் நல்லவர், பேசிக்கொண்டே வலிக்காமல் பிரிப்பார். “சூப்பரா ஆறிட்டு வருதும்மா. வியாழக்கிழம தையல் பிரிச்சிரலாம். அடுத்த வாரம் நீ வேலைக்குப் போலாம்” என்றார்.

நல்ல செய்தி.

பழைய கட்டைத் தன்ஷிக்காகக் கேட்டு வாங்கி வந்தேன். அவள் அதைத் தொடவில்லை. புதுக் கட்டில் புதுக் கண் வரைந்தாள். “குப்பு இங்கதான் இருக்கான்.”

சாயங்காலம் பூங்கா. இரவு பாத்திரம் எல்லாம் நானே தேய்த்தேன். பரிமளக்கா தேய்த்துத் தருகிறேன் என்றார். எவ்வளவுதான் அவர் தலையில் கட்டுவது? துணியையும் ஊற வைத்துத் துவைத்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

“கட்ட நனச்சியா?” என்றார் நர்ஸ்.

தெரியவில்லை என்றேன். சீழ் வைத்திருக்கிறது. தையல் பிரிக்கவில்லை. மாத்திரை கொடுத்து இன்னும் ஒரு வாரம் என்றார். தங்கவேலுவுக்கு போன் செய்தேன். “சீசன் நேரத்துல இப்படிப் பண்றியேம்மா” என்றார். ஊசியை அனுப்பி நான் குத்தச் சொன்ன மாதிரி.

ஆனால் இன்று நடந்ததை எழுதியாக வேண்டும். தன்ஷி சறுக்கில் பெரிய பையன்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டாள். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. பின்னால் இருந்தவன் தள்ளினான். அவள் பயந்து அலறினாள். அலறியது “வைரம்” என்று.

நான் சுவர் பக்கம் குழாயடியில் நின்றிருந்தேன். அவளுக்கு நான் கண்ணில் படக்கூட இல்லை. ஆனாலும் என் பெயர்தான் வந்தது. பயத்தில் யாரைக் கூப்பிடுவது என்று பிள்ளை யோசிக்காது. வாயில் இருப்பதுதான் வரும்.

ஓடிப் போய்த் தூக்கினேன். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் தலையில் மணலும் வியர்வையும் மணந்தன. பூங்கா கட்டியவர்கள் நன்றாக இருக்கட்டும். பூட்டுப் போட்டவனைத் தவிர.

வீட்டுக்குத் திரும்பும்போது லைன் வீட்டு மொட்டை மாடியில் பரிமளக்கா நின்றுகொண்டிருந்தார். முட்டிவலி என்று பூங்காவுக்கு ஒரு நாளும் வராதவர். மாடிக்கு இருபது படி. கொடியில் ஒரு துணியும் இல்லை.

பிப்ரவரி 15, சனி

செல்லப்பாண்டி வேலைக்குக் கிளம்பும்முன் என் கையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

“ஊசி ஒரு தடவதான குத்துச்சு, வைரம்?”

“என்ன மாமா பேச்சு இது? இதென்ன கேள்வி?”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சாயத்தில் நின்று நின்று ஆளுக்குப் புத்தி குழம்புகிறது.

பிப்ரவரி 17, திங்கள்

ஷூ போட்ட அம்மா இன்று பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தன்ஷி என்னிடம் நன்றாக ஒட்டிக்கொண்டிருப்பதைப் பாராட்டினார். அவருடைய பேரனையும் நான் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். வீட்டோடு இருக்கலாமாம். சாப்பாடு உண்டாம்.

“இது நான் பெத்த புள்ளைங்க” என்றேன்.

அவர் என்னையும் தன்ஷியையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்பறம் ஏஞ்சாமி பேரச் சொல்லிக் கூப்புடுது?”

“நான் ஒன்றரை ஷிப்டுங்க. அவ முழிச்சிருக்கறப்ப வீட்டுல இருக்க மாட்டேன். ஊர்க்காரங்க கூப்புடற மாதிரி அவளும் கூப்புடறா.”

“ஞாயித்துக்கெழம?”

“சீசன்ல அதுவும் பாதி நாள் போயிருங்க.”

பேச்சு அதோடு முடிந்திருக்கும். நான்தான் விடவில்லை. பூங்காவை ஏன் எட்டு மணிக்குப் பூட்டுகிறார்கள் என்று கேட்டேன். நடக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் கேட்டுக்கொண்டார்களாம். “அதுக்கு மேல கண்டவங்க வந்து உக்காந்துக்கறாங்க கண்ணு.”

“எட்டரைக்கு வர்ற கண்டவங்க நாங்கதாங்க” என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், இன்னும் நான்கு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் ஷூவில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிக்கொண்டே, “எம்மகனும் கம்பெனிதான் வெச்சிருக்கறான். எட்டரைக்குத்தான் உடறான்” என்றார். பிறகு எழுந்து நடந்தார். அடுத்த சுற்றில் என் பக்கம் பார்க்காமல் போனார். அதற்கடுத்த சுற்றில் தன்ஷியின் கையில் ஒரு கொய்யாப்பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

தன்ஷி பாதி தின்றுவிட்டு மிச்சத்தைக் குப்புவின் வாயில் தேய்த்தாள். பழம் நன்றாக இருந்தது. கொய்யாவின் மேல் எனக்கு என்ன கோபம்?

பிப்ரவரி 19, புதன்

துணி துவைத்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

விரல் வீங்கி நகம் கறுத்திருக்கிறது. இரவெல்லாம் காய்ச்சல். நர்ஸ் இன்று வலிக்காமல் பிரிக்கவில்லை. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். டாக்டர், “இன்னொரு தடவ இப்படி வந்தா விரல் நுனியை எடுக்க வேண்டி வரும்” என்றார். நர்ஸ் என் முகத்தையே பார்த்தார். நான் சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்தேன்.

ஓவர்லாக் டெய்லருக்கு இடது ஆள்காட்டி விரல் இல்லாவிட்டால் துணியைத் தள்ளிக் கொடுக்க முடியாது. துணி மடித்துக் கொடுக்கிற கைமடிப்புக்குப் போகலாம். பிசிறு வெட்டலாம். டெய்லர் இல்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

சாயங்காலம் பூங்காவுக்குக் கிளம்பினோம். வழக்கம்போல் விரலை நீட்டினேன். தன்ஷி பிடித்தாள். உடனே விட்டாள். மூக்கைச் சுருக்கினாள்.

“குப்பு நாறுறான்.”

“மருந்து வாசம்டா.”

“இல்ல. நாறுறான். வேணாம்.”

லைன் வாசலில் அப்படியே நின்றேன். எனக்கு முன்னால் தெரு. பரிமளக்கா கதவருகில் இருந்தார். தன்ஷி திரும்பி அவரிடம் ஓடுவாள் என்று நினைத்தேன்.

அவள் என் பின்னால் சுற்றி அந்தப் பக்கம் வந்தாள். வலது கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டு இல்லாத, கண் வரையாத, வெறும் கை.

“வா வைரம். ஊஞ்சலுக்கு ஆளு வந்துருவாங்க.”

இவ்வளவுதானா? இதற்குத்தானா?

இனி கட்டு நனையாது.

பிப்ரவரி 22, சனி

பரிமளக்காவிடம் பாத்திரத்தைக் கொடுத்தேன். துணியையும் கொடுத்தேன். “இப்பத்தான் உனக்குக் கண்ணு தொறந்துச்சாக்கும்” என்றார். என்ன தெரியும் அவருக்கு, எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை. குழாயடியில் குனிந்து தேய்த்துக்கொண்டே அவர் சொன்னார்: “நான் அவளுக்கு டெய்லி சொல்லிக் குடுத்தேன் வைரம். அம்மான்னு உன்னத்தான் கூப்புடணும்னு. சிரிக்கறா. நான் என்ன பண்ணட்டும்?”

“விடுங்கக்கா. வைரமும் நல்லாத்தான் இருக்கு.”

“எனக்குப் புள்ள இல்லைங்கறது உனக்குத் தெரியுமில்ல. அம்மான்னு அது கூப்புடறப்ப வேண்டாம்னு சொல்ல வாய் வர்லீன்னு வெய்யி.”

மூன்று வருஷமாக என் பிள்ளைக்குச் சோறு ஊட்டியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி நிற்கிறார். இந்த அநியாயத்துக்கு யார் பொறுப்பு? எங்கள் இரண்டு பேரையும் ஒரு பிள்ளைக்காக ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்க்க வைத்தது யார்?

“சாயங்காலம் நீங்களும் வாங்கக்கா. மாடியில இருந்து பாத்தா சறுக்கு தெரியாது. மரம் மறைக்கும்” என்றேன்.

அவர் தலை நிமிரவே இல்லை. ஆனால் ஐந்து மணிக்குத் தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

பிப்ரவரி 27, வியாழன்

தையல் பிரித்தாகிவிட்டது. நகம் புதிதாக வளருமாம். “இனிமே ஒழுங்கா இருப்பியா?” என்றார் நர்ஸ். இருப்பேன் என்றேன். சும்மா ஒரு சின்னக் கட்டு போட்டுவிட்டார், தூசி படாமல். தன்ஷி அதைக் கண்டுகொள்ளவில்லை. குப்பு ஊருக்குப் போய்விட்டானாம்.

மார்ச் 2, ஞாயிறு

நாளை வேலை. இன்று நாலு பேரும் பூங்காவுக்குப் போனோம். செல்லப்பாண்டி காலாட்டிக்கொண்டே தூங்கப் பழகிவிட்டார். பரிமளக்கா ஊஞ்சலைத் தள்ள, நான் எதிரில் நின்றேன். தன்ஷி பின்னால் போகும்போது “அம்மா”, முன்னால் வரும்போது “வைரம்”. இரண்டு பேருக்கும் சரியாகப் பங்கு வந்தது.

எட்டு மணிக்கு அங்கமுத்து விசில் ஊதினார். எல்லோரும் எழுந்தார்கள். தன்ஷி இன்னும் ஒரே ஒரு தடவை என்று சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். அங்கமுத்து எங்களையே பார்த்தார்.

“நாளைக்கு வர்றீங்களா அம்மிணி?”

“நாளையிலருந்து ஒன்றரை ஷிப்டுங்கண்ணே.”

அவர் பூட்டைக் கையில் எடுத்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “எங்கியோ வெச்சுட்டேன். தேடோணும்” என்று சொல்லிவிட்டு வேப்பமரத்துப் பக்கம் போனார். நாங்கள் ஆடி முடிக்கும்வரை தேடினார்.

கோபமாக எழுதத்தான் இந்த நோட்டை எடுத்தேன். கோபம் போகவில்லை. ஆனால் இந்த ஒரு மாதத்தில் எனக்குக் கிடைத்தவை நிறைய. வேப்ப இலை வெயில், ஒரு கொய்யா, பொய் சொல்லிப் பூட்டைத் தொலைத்த ஒரு மனிதர், தன் பங்கைக் குறைத்துக்கொண்ட பரிமளக்கா. எல்லோருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். என் மகளின் பிடி எவ்வளவு இறுக்கமானது என்று எனக்குத் தெரியும். கம்பெனியில் என்னோடு உட்கார்ந்திருக்கிற பல பேருக்குத் தங்கள் பிள்ளையின் பிடி தெரியாது.

தூங்கும் முன் தன்ஷி கேட்டாள்: “நாளைக்கும் ஊஞ்சலா?”

“ஆமா” என்றேன். நன்றாக யோசித்துத்தான் சொன்னேன்.

மார்ச் 3, திங்கள்

நோட்டு வீட்டில் இருக்கிறது. இதை ஒரு அட்டையின் பின்பக்கம் எழுதுகிறேன். கம்பெனி கேட்டுக்கு உள்பக்கம், துணி மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஐந்தரை மணி பெல் அடித்ததும் மெஷினை நிறுத்தி எழுந்தேன். தங்கவேலு, “டீ குடிச்சுட்டு ஒக்காரும்மா” என்றார்.

“ஒரு ஷிப்ட் முடிஞ்சுதுங்க. நான் கெளம்பறேன்.”

“என்ன புதுசா?”

“புதுசில்லைங்க. ஒரு ஷிப்டுக்கு எட்டு மணி நேரந்தான். பழைய கணக்குதான்.”

“நாளைக்கு வந்து மெஷின் கேக்காத.”

“கேப்பேங்க. காலையில எட்டரைக்கு வந்து கேப்பேன்.”

அவர் மேலே ஏதோ சொல்ல வந்தார். என் லைனில் இரண்டு மெஷின் நின்றிருந்ததைக் கவனித்து அந்தப் பக்கம் போனார். இரண்டும் மறுபடி ஓடுகின்றன. ஒன்று மெதுவாக ஓடுகிறது. அதில் உட்கார்ந்திருக்கிற ஜோதிமணிக்கும் ஒரு பிள்ளை உண்டு. அவள் என்னையே பார்த்துக்கொண்டு தைக்கிறாள். விரலைப் பார்த்துத் தையடி என்று சைகை காட்டினேன்.

இந்நேரம் பரிமளக்கா தன்ஷியைக் கூட்டிக்கொண்டு பூங்கா வாசலில் நிற்பார். இங்கிருந்து இரண்டு தெரு. பூங்கா எட்டு மணிவரை திறந்திருக்கும். வெளியே இன்னும் வெயில் இருக்கிறது. கேட்டின் அடியில் ஒரு கோடாகத் தெரிகிறது.

கம்பெனி வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து போன் பார்க்கிறார். சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. மூன்று தடவை கேட்டுவிட்டேன். அவர் தங்கவேலுவைப் பார்க்கிறார். தங்கவேலு அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். இப்போது எழுந்து கேட்டுக்கு முன்னால் போய் நின்று, பின்னால் மெஷின் ஓட்டுகிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லப் போகிறேன்.

“அண்ணே, எம்புள்ள காத்திட்டிருக்கா. கேட்டைத் தொறங்க.”